ஏரியும் பட்டாவும்

நம் இலக்கிய வட்டத்தில் பத்தாண்டுகளாக ஒலித்த கவிதைகளில் அழிந்துபோன கிராமத்திற்கான ஏக்கம் ஓயாது கேட்டிருக்கிறது. அந்தக் கிராமம் யாருடையது என்பதை வரலாற்றிடம் கேட்டறிவது கவிஞர்க்கும் கடனாகும்.

உத்தரமேரூரிலிருந்து தொடங்குவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரியப் பெருமக்களைத் தேர்ந்த முறையை விரித்துரைக்கின்றன. அவ்வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. பேரரசு வளர்ந்த காலத்தும் நீர் காக்கும் பொறுப்பு ஊரிடமே இருந்தது. ஆனால் அச்சபை பிரமதேய ஊரின் சபை. வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும் உடையோர் பெயர்களே குடத்தில் இடப்பெற்றன. ஏரிக்கரைக்கு மண் சுமந்தவர்க்கு அங்கே ஓலை இல்லை.

எட்டு நூற்றாண்டுகள் கழிந்தன. 1763இல் அவ்வூரை உள்ளடக்கிய செங்கற்பட்டுச் சீமை, ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாகீராக வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு எடுத்த கணக்குகளில், களத்து நெல்லில் கோயிலுக்கும் ஊர்ப் பணியாளர்க்கும் பங்கு அளக்கப்பட்டமை பதிவாகியுள்ளது. 1820இல் ஆளுநரான தாமஸ் மன்றோ இரயத்துவாரி முறையை நிலைபெறச் செய்தார். அதன்பின் அரசு ஊரோடு பேசவில்லை. பட்டாதாரர் ஒவ்வொருவரோடும் தனித்தனியே பேசியது. நெற்பங்கு பணவரியாயிற்று. வயலுக்குப் பட்டா கிடைத்தது. ஏரிக்கு உரியவர் எவருமிலர். குடிமராமத்து பல ஊர்களில் தளர்ந்தது. வழக்கமாக நடந்துவந்த அப்பணியைச் செய்விக்க, 1858இல் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

எனினும், அடிமைமுறைக்குச் சட்ட ஏற்பை மறுத்த 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமும் கம்பெனி ஆட்சியில் வந்ததே. தரிசு நிலத்தில் மிராசுதாரர்க்கு முன்னுரிமை தந்த விதிகளும் அயலார் ஆட்சியில் இருந்தவையே. 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமென்கீர், பறையர் மக்கள் நிலமற்று வாடும் நிலையை அறிக்கையாக எழுதினார். பஞ்சமர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை 1892இல் பிறந்தது. அந்நிலங்களிற் பலவும் பின்னர்ப் பிறர் கைக்குச் சென்றன.

ஆகவே அயலாட்சி ஓர் இன்ப உலகை அழித்தது என்று பாடுவதும், இருளை அகற்றியது என்று போற்றுவதும் ஒருங்கே பிழை. அது ஊரின் பொதுமையைக் கலைத்தது. ஊரின் ஏற்றத்தாழ்வையோ பெரிதும் பட்டாவில் எழுதி உறுதிசெய்தது. ஏரியை இழந்தவர் துயர் வேறு. நிலத்தையே பெறாதவர் துயர் வேறு.

அடுத்த பத்தாண்டில் ஏரியைப் பாடும்போது, கரைக்கு மண் சுமந்தவரையும் பாடுவோமாக.