புகார் சொன்ன பையனுக்கு யார் காவல்?

பள்ளிக்கூடத்துக்குச் சமூகப் பணியாளர் வேணும் என்பதை நானும் சொல்கிறேன். ஆனால் அவர் யாரைத் திருத்த வருகிறார் என்று கேட்காமல் விட முடியாது. இந்த வேலைக்கு ஒரு சரித்திரம் இருக்கு.

அமெரிக்காவில் 1906-07 வாக்கில் நியூயார்க், பாஸ்டன், ஹார்ட்ஃபோர்டு நகரங்களில் இது தொடங்கியது. பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று வீடு தேடிப்போய் விசாரித்தவர்களை 'வருகை ஆசிரியர்' என்றார்கள். 1921-இல் காமன்வெல்த் ஃபண்டு என்ற அறக்கட்டளை இதற்குப் பணம் கொடுத்தது, சிறுவர் குற்றத்தைத் தடுக்கும் திட்டம் என்ற பெயரில். ஏழை வீட்டுப் பிள்ளைமேல் அக்கறை. அதுக்குள்ளேயே ஒரு சந்தேகம்.

நம் பக்கம் அந்தச் சந்தேகம் சட்டமாகவே வந்தது. 1911-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்குள் நுழைந்தது. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் கள்ளர் மக்களை 1920 ஏப்ரல் 3-இல் போலீஸ் சுட்டது. ஒரு கையில் ரேகைப் பதிவு, மறு கையில் 'சீரமைப்பு' பள்ளிக்கூடம். சேரிப் பிள்ளைகளுக்குத் திறந்தவை லேபர் ஸ்கூல்கள். இரண்டு கூட்டத்தாரையும் லேபர் கமிஷனர் கையில்தான் வெள்ளைக்காரன் ஒப்படைத்தான். சட்டம் 1947-இல் போனது. அதன் பிறகும் ஆளுக்கொரு பெயர்ப்பலகை தொங்கியது.

இப்போது நாங்குநேரிக்கு வருவோம். 2023 ஆகஸ்ட். ஆதிக்க சாதிப் பையன்களின் தொந்தரவு தாங்காமல் நம் பையன் பள்ளிக்குப் போகாமல் நின்றான். ஏன் வரலைன்னு கேட்டார்கள், சொன்னான். எழுதிக் கொடு என்றார்கள், கொடுத்தான். 9-ஆம் தேதி ராத்திரி வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கச்சிக்கும் வெட்டு. வருகை ஆசிரியரின் கேள்வியைப் பள்ளிக்கூடம் சரியாகத்தான் கேட்டது. பதில் சொன்ன பிள்ளையைக் காப்பாற்றுவது யார் வேலை? அதுக்குன்னு ஒரு பதவி கிடையாது.

இதை விசாரித்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் ஒரு பள்ளி நல அலுவலர்; ராகிங், போதை, பாலியல் தொல்லை, சாதிப் பாகுபாடு எல்லாம் அவர் பார்வையில். வெளியே கூச்சல் முழுக்கக் கைக்கயிற்றையும் நெற்றிப் பொட்டையும் பற்றித்தான். அலுவலரைப் பற்றிப் பேச ஆளில்லை. (கயிறு கட்டினவனுக்குத்தான் வாய் அதிகம்.)

500 என்ற கணக்கு எனக்கு உறுத்துது. இருநூறு பேர் படிக்கிற கிராமத்துப் பள்ளியில் சாதி இல்லையா? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சைக்குப் போன பிளஸ் ஒன் மாணவனின் விரல்களை வெட்டியது பேருந்தை மறித்து. பள்ளி கேட்டோடு வேலை முடிகிற அலுவலர் அங்கே என்ன செய்வார்? அந்த வட்டாரத்து ஆதிக்க சாதிக்காரரைக் கல்வி அதிகாரியாகவோ தலைமையாசிரியராகவோ போடாதே என்கிறது அறிக்கை. நல அலுவலருக்கும் அதே விதி வேணும். புகார் வந்த அன்றைக்கே பொழுது சாயுமுன் பையனோடு சேரி வரைக்கும் நடந்துபோய், அவன் அம்மாவிடம் பேசிவிட்டு, அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகிற ஆளாக அவர் இருக்கணும். வெட்டுப்பட்டவனை உட்காரவைத்து 'தைரியமா இரு தம்பி' என்று சொல்வதற்கு ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.