எழும் கூரையும் எடைக் கணக்கும்: பாப்-அப் டிரக் கேம்பரின் வரலாறு

பாப்-அப் டிரக் கேம்பர் என்பது பிக்கப் டிரக்கின் சரக்குத் தட்டில் ஏற்றிப் பொருத்தப்படும் சிறிய வசிப்பிடம் ஆகும். வண்டி ஓடும்போது அதன் கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்திய பின் கூரையை உயர்த்தினால் உள்ளே ஒருவர் நிமிர்ந்து நிற்கலாம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விளக்கு ஆகிய அனைத்தும் அந்தச் சிறு இடத்துக்குள் அடங்கிவிடும். இதற்கெனத் தனி இயந்திரமோ சக்கரங்களோ கிடையாது. தேவையில்லாதபோது இறக்கி வைத்துவிட்டு, டிரக்கை வழக்கமான வேலைக்குப் பயன்படுத்தலாம்.

வட அமெரிக்காவில் வளர்ந்த இந்த வண்டி வீட்டின் வரலாறு, பெரும்பாலும் உயரத்தையும் எடையையும் குறைக்க மனிதர் செய்த முயற்சிகளின் வரலாறே ஆகும். இன்று ஒருவர் கேம்பரைப் பொருத்தித் தம் விருப்பப்படி மாற்றி அமைக்கும்போதும் முதலில் எதிர்கொள்வது அதே எடைக் கணக்கைத்தான்.

பின்னணி

ஃபோர்டு நிறுவனம் 1925இல் தன் மாடல் டி வண்டியைத் தொழிற்சாலையிலேயே சரக்குத் தட்டு பொருத்தி விற்கத் தொடங்கியது. அமெரிக்க விவசாயிகளிடமும் சிறு தொழில் செய்வோரிடமும் பிக்கப் வண்டி பரவியது. தட்டின் மேல் மரப்பலகையால் சிறு அறை கட்டி வேட்டைக்கும் மீன்பிடிக்கும் போவோர் இருந்தனர். இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் இத்தகைய அறைகளைச் செய்து விற்பது தனித் தொழிலாயிற்று.

புதிய சாலைகளும் இந்த ஆசையைத் தூண்டின. போர்க்காலத் தேவைக்காக 1942இல் அமெரிக்க இராணுவம் சில மாதங்களிலேயே அலாஸ்கா நெடுஞ்சாலையை அமைத்தது. கனடாவின் டாசன் கிரீக் நகரில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷன் வரை சென்ற அச்சாலை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளம் கொண்டது. 1948இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆயினும் பல பத்தாண்டுகள் வரை பெரும்பகுதி சரளைக்கல் பாதையாகவே இருந்தது. தங்கும் விடுதிகள் குறைவாக இருந்த அத்தகைய பாதையில் படுக்கையைக் கூடவே கொண்டு செல்வது பெரும் வசதியாக இருந்தது.

உயரத்தால் வந்த சிக்கல்

ஒருவர் நின்று நடமாடும் அளவுக்கு உயரமான அறையை டிரக்கின் மேல் ஏற்றினால் இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. முதலாவது காற்றின் எதிர்ப்பு. முன்பக்கப் பரப்பு கூடக் கூட வண்டி அதிக எரிபொருளைக் குடிக்கும்; பக்கக் காற்று வீசினால் தடுமாறும். இரண்டாவது ஈர்ப்பு மையம் உயர்வது. ஈர்ப்பு மையம் மேலே போகும் அளவுக்கு, வளைவுகளில் வண்டி கவிழும் அபாயமும் மிகும்.

ஓடும்போது தாழ்வாகவும் நிற்கும்போது உயரமாகவும் இருக்கும் கூரையே இதற்குக் கிடைத்த விடை. 1958 முதல் தயாரிக்கப்பட்டு வரும் அலாஸ்கன் கேம்பர் இவ்வகையில் புகழ்பெற்றது. அதன் சுவர்கள் துணியால் ஆனவை அல்ல. மேல் பாதி, தீப்பெட்டியின் மேலுறை போலக் கீழ்ப் பாதியைச் சுற்றி இறங்கும். ஹைட்ராலிக் அழுத்தத்தால் மேலெழும். அந்தப் பெயரே அக்காலப் பயணிகளின் ஆசை எத்திசையில் இருந்தது என்பதைக் காட்டுகிறது. ஐரோப்பாவிலும் 1950களில் இதே எண்ணம் வேறு வடிவில் தோன்றியது. இங்கிலாந்தின் டார்மொபீல் வண்டிகளில் கூரை ஒரு பக்கமாகத் திறந்து எழும்பியது.

ஸ்டைன்பெக்கின் வண்டி

டிரக் கேம்பரை உலகறியச் செய்தவர் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக். 1960இல் அவர் ஜி.எம்.சி. பிக்கப் ஒன்றின் மேல் கேம்பர் பொருத்தி, சார்லி என்ற நாயுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்தார். வண்டிக்கு டான் குயிக்ஸோட்டின் குதிரையான ரோசினான்டேயின் பெயரைச் சூட்டினார். அப்பயண நூல் 1962இல் வெளிவந்தது. அதே ஆண்டு அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வண்டி இன்று கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில் உள்ள ஸ்டைன்பெக் மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

அவருடைய கேம்பர் எழும் கூரை கொண்டதன்று. எனினும் நம் பொருளுக்கு வேண்டிய பாடம் அவர் பயணத்தில் உண்டு. தேவைக்கு மேல் பொருள்களையும் புத்தகங்களையும் ஏற்றிக்கொண்டதை அவரே எழுதியிருக்கிறார். ஓரிகான் மாநிலத்தில் மழைக்கு நடுவே ஒரு பின் டயர் வெடித்தது, மற்றொன்றும் வீங்கியிருந்தது. மிகைச் சுமையே அதற்குக் காரணம்.

எடை குறைந்த தலைமுறை

1960களில் ஃபோர்டு நிறுவனம் கேம்பர் சுமக்க ஏற்ற வலுவான டிரக்குகளைக் ‘கேம்பர் ஸ்பெஷல்’ என்ற பெயரில் விற்றது. வண்டியை வலுவாக்குவது ஒரு வழி. சுமையை இலேசாக்குவது மற்றொரு வழி. 1972இல் தொடங்கிய ஃபோர் வீல் கேம்பர்ஸ் நிறுவனம் இரண்டாவது வழியைப் பிடித்தது. பற்றவைத்த அலுமினியச் சட்டம், துணியால் ஆன மேல் சுவர், கையால் தள்ளி உயர்த்தும் கூரை ஆகியவை அதன் அடையாளங்கள். நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டிகள் கரடுமுரடான பாதையில் செல்ல இந்த இலேசான கட்டமைப்பு உதவியது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருள் சிக்கனமும் முக்கியமாயிற்று.

அமெரிக்க அரசும் இதில் தலையிட்டது. கேம்பரின் எடை, ஈர்ப்பு மையம் ஆகியவற்றை வாங்குபவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், டிரக்கில் அந்த மையம் எங்கே அமையலாம் என்பதை உற்பத்தியாளர் சொல்ல வேண்டும் என்றும் 1970களில் விதிகள் வந்தன.

எடைக் கணக்கு

ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் உள்ள ஒட்டியில், ஆட்களும் சுமையும் சேர்ந்து எவ்வளவு எடை இருக்கலாம் என்று குறிக்கப்பட்டிருக்கும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு டிரக்கின் அளவு 700 கிலோ என்க. கேம்பர் 450 கிலோ, இருவர் 140 கிலோ, தண்ணீர் 75 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ ஆதலால் மொத்தம் 665 கிலோ. மீதி 35 கிலோ மட்டுமே. நிரம்பிய எரிவாயு உருளை 17 கிலோ, ஈய அமில பேட்டரி 28 கிலோ என்று சேர்த்தால், சோறும் துணியும் ஏற்றும் முன்பே 10 கிலோ கூடிவிடுகிறது.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று நாம் பள்ளியில் படித்தது இங்கே அப்படியே பொருந்தும். கூடுதல் ஸ்பிரிங்கோ காற்றுப் பையோ பொருத்தினால் வண்டியின் பின்பகுதி தாழாமல் நிற்கும். ஆனால் ஒட்டியில் உள்ள அளவு அதனால் உயர்வதில்லை. அச்சும் டயரும் பிரேக்கும் பழையவையே.

பொருத்தும் முறை

கேம்பரை நான்கு மூலைகளிலும் ஜாக்கிகளால் உயர்த்தி, டிரக்கைப் பின்னோக்கி அதன் அடியில் மெதுவாகச் செலுத்துவர். தட்டில் ரப்பர் விரிப்பு இட்டால் கேம்பர் நழுவாது. பின் நான்கு முனைகளிலும் டர்ன்பக்கிள் எனப்படும் முறுக்கிகளால் இறுக்கிக் கட்டுவர். சிறிது தூரம் ஓடியதும் இவை தளரக்கூடும் என்பதால் நிறுத்திச் சரிபார்ப்பது அவசியம். கூரையை இறக்கும்போது காற்றுத் துளை ஒன்றைத் திறந்து வைக்க வேண்டும். இல்லையேல் உள்ளே அடைபட்ட காற்று துணியை வெளியே தள்ளி, கூரையின் விளிம்பில் சிக்க வைக்கும்.

மாற்றி அமைத்தல்

பலர் வெறுங்கூடாக வாங்கி, உட்புறத்தைத் தாமே அமைத்துக்கொள்கின்றனர். இதில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது பேட்டரி. ஜான் குடினஃப் குழுவினர் 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் பொருளால் ஆன பேட்டரி, அதே கொள்ளளவுள்ள ஈய பேட்டரியின் பாதி எடைகூட இராது. ஈய பேட்டரியில் பாதியளவே பயன்படுத்துவது நல்லது. இதிலோ பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். ஆனால் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது இதை மின்னேற்றக் கூடாது.

கூரையில் சூரியத் தகடு பொருத்துவோர், அந்த எடையையும் சேர்த்தே ஒவ்வொரு முறையும் கூரையைத் தூக்க வேண்டியிருக்கும் என்பதை மறக்கலாகாது. எரிவாயு உருளையின் பெட்டிக்கு அடிப்பக்கத்தில் காற்றுத் துளை வேண்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். புகைபோக்கி இல்லாத அடுப்பையோ கணப்பையோ எரிய விட்டு உறங்கக் கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். அதைக் கண்டறியும் எச்சரிக்கைக் கருவி சில நூறு கிராம்தான் இருக்கும். எடையைக் குறைக்கும் ஆசையில் அதை விட்டுவிடக் கூடாது.

எல்லாம் பொருத்திய பின், தண்ணீரும் எரிபொருளும் நிரப்பி, ஆட்களும் ஏறிக்கொண்டு, வண்டியை ஓர் எடை மேடைக்கு ஓட்டிச் செல்வது நல்லது. அங்கே கிடைக்கும் சீட்டில் உள்ள எடை, அந்த டிரக்குக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முதல் பயணம் தொடங்க வேண்டும்.