கல்வியை அளக்கும் கோல்

நெல்லை அளக்க மரக்காலும் பொன்னை நிறுக்கத் தராசும் நம் முன்னோர் கண்டனர். கல்வியை அளக்க எதைக் கொள்வது என்ற வினாவுக்கோ விடை எளிதில் கிட்டவில்லை. ஒரு மாணாக்கன் தேறினானா என்று அறியப் பரீட்சை உண்டு. ஆயின், ஒரு நாட்டின் பள்ளிகள் யாவும் சேர்ந்து தம் கடமையைச் செய்கின்றனவா என்று அறிவது எங்ஙனம்? ஒன்றே போலத் தோன்றும் இவ்விரு வினாக்களும் வேறு வேறானவை. இவ்வேறுபாட்டை உலகம் மெல்ல மெல்ல உணர்ந்த வரலாறே இவ்வுரையின் பொருளாகும். பிற மாநிலங்களில் குடியேறி, வேற்றுமொழிச் சூழலில் தம் மக்களைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர்க்கு இவ்வரலாறு மிகவும் வேண்டப்படுவது.

1845ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இம்முயற்சியின் முதற்படிகளுள் ஒன்று நிகழ்ந்தது. அந்நாள் வரை பள்ளிக் குழுவினர் வகுப்புக்கு வந்து, வாய்மொழியாகச் சில வினாக்களைக் கேட்டுத் திரும்புவதே வழக்கம். மாஸசூஸெட்ஸ் கல்விக் கழகத்தின் செயலாளராக இருந்த ஹோரஸ் மான், அவர்தம் நண்பர் சாமுவேல் ஹவ் ஆகியோரின் தூண்டுதலால், எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே வினாத்தாள் அச்சிட்டு அளிக்கப்பட்டது. மாணாக்கர் பலர் பாடத்தை நெட்டுருச் செய்திருந்தனரேயன்றிப் பொருளுணர்ந்து கற்றிலர் என்பது வெளிப்பட்டது. எனினும், அம்முடிவுகள் ஆசிரியரைச் சாடும் ஆயுதமாகவும் பயன்பட்டன. அளவுகோல் பிறந்த அன்றே அதனைச் சுற்றிய பூசலும் பிறந்துவிட்டது எனலாம்.

இங்கிலாந்தில் நிகழ்ந்தது இதனினும் பெரிய படிப்பினையாகும். 1862ஆம் ஆண்டில் ராபர்ட் லோ என்பார் கொண்டுவந்த திருத்த விதிகளின்படி, பள்ளிக்குரிய மானியத்தின் பெரும்பகுதி மாணாக்கரின் தேர்ச்சியைப் பொறுத்ததாயிற்று. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றினுள் ஒன்றில் ஒரு குழந்தை தவறினால் அதன் பொருட்டுப் பள்ளி 2 ஷில்லிங் 8 பென்ஸ் இழக்கும். விளைவு யாது? பரிசோதகர் வரும் நாளுக்கென்றே பாடங்கள் நடந்தன. வாசிப்புப் புத்தகம் முழுவதையும் குழந்தைகள் மனப்பாடம் செய்தனர். தேர்வில் இடம் பெறாத பாடங்கள் மங்கின. கவிஞரும் பள்ளிப் பரிசோதகருமாகிய மாத்யூ ஆர்னல்டு இம்முறையை ஓயாது கண்டித்தார். 1890களில் அது அங்குக் கைவிடப்பட்டது. இந்தியாவிலும் இம்முறை புகாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்திலும் பரீட்சை முடிவுகளைப் பொறுத்து மானியம் வழங்கும் ஏற்பாடு நடைபெற்றது. கூலியை அளவோடு பிணைத்தால் அளவே பொய்த்துவிடும் என்ற உண்மையை இரு நாடுகளும் இவ்வாறு அறிந்தன.

அளவை வேறு விதமாகவும் கையாளலாம் என்று காட்டியவர் அமெரிக்கரான ஜோசப் மேயர் ரைஸ். மருத்துவம் பயின்ற இவர், 1890களில் பல நகரங்களின் பள்ளிகளுக்குச் சென்று, முப்பதாயிரம் சிறுவர்க்குக் குறையாமல் எழுத்துக்கூட்டும் திறனைச் சோதித்தார். நாள்தோறும் நெடுநேரம் அப்பயிற்சியில் செலவிட்ட பள்ளிகளின் மாணாக்கர், கால் மணி நேரமே செலவிட்டவரைக் காட்டிலும் மேம்பட்டவராக இல்லை! 1897இல் இம்முடிவுகள் வெளிவந்தபோது கல்வி அதிகாரிகள் பலர் நகைத்தனர். ஆயினும், எவரையும் தண்டிக்காமல் கற்பிக்கும் முறையைச் சோதிப்பதற்கே அளவு பயன்படலாம் என்ற எண்ணம் வேரூன்றியது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இவ்வெண்ணம் நாடுகளின் எல்லையைக் கடந்தது. 1958ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள யுனெஸ்கோ கல்வி நிலையத்தில் அறிஞர் சிலர் கூடினர். உலகம் முழுவதையும் ஒரு பெரிய கல்விச் சோதனைச்சாலையாகக் கருதி, ஒவ்வொரு நாடும் தனக்கென வகுத்துக்கொண்ட முறைகளின் பயனை ஒப்பிட்டுக் காண்பது அவர்தம் நோக்கம். 1960ஆம் ஆண்டை ஒட்டிப் பன்னிரண்டு நாடுகளில் 13 வயதுச் சிறாரிடையே முன்னோடி ஆய்வு நடந்தது. 1964இல் முதலாவது சர்வதேசக் கணித ஆய்வு நடைபெற்றது. இவற்றை நடத்திய சர்வதேசச் சங்கத்துக்கு ஸ்வீடன் நாட்டு அறிஞர் டார்ஸ்டன் ஹூசேன் நெடுங்காலம் தலைமை தாங்கினார். இவ்வாய்வுகளை நாடுகளிடையே நடக்கும் பந்தயமாகக் கருதலாகாது என்று அவர் வற்புறுத்தினார். பத்திரிகைகளோ தரவரிசையைத்தான் முதலில் அச்சிட்டன.

அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய தேசியக் கல்வி மதிப்பீடு மற்றொரு நுட்பத்தைக் கொணர்ந்தது. இதன் வடிவமைப்பில் முதன்மை பெற்றவர் ரால்ஃப் டைலர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. அம்முறைப்படி நாடெங்கும் மாதிரியாகச் சில மாணாக்கர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள்ளும் ஒவ்வொருவரும் வினாத்தொகுதியின் ஒரு பகுதிக்கே விடையளித்தனர். எனவே தனி மாணாக்கன் எவனுக்கும் மதிப்பெண் இல்லை. பல்லாயிரவரின் விடைகளைச் சேர்த்துப் பார்க்கும்போதே நாட்டின் நிலை புலனாகும். தொடக்கத்தில் மாநிலங்களின் பெயரால்கூட முடிவுகள் வெளியாகவில்லை. 1990 முதலே அவ்வழக்கம் வந்தது. இங்கிலாந்தின் அனுபவத்திலிருந்து முற்றிலும் மாறான பாதை இது.

பாரதமும் இவ்வரங்கில் நெடுநாளைக்கு முன்பே அடியெடுத்து வைத்தது என்பதைப் பலர் அறியார். 1970–71இல் நடந்த சர்வதேச ஆய்வில் விஞ்ஞானம், வாசிப்பு ஆகிய இரண்டிலும் இந்தியா பங்கேற்றது. இங்கு இந்தி வழங்கும் மாநிலங்களின் பள்ளிகளே சோதிக்கப்பட்டன. சிலி, ஈரான், தாய்லாந்து ஆகியவற்றுடன் வளரும் நாடுகளின் வரிசையில் நின்ற நம் நாட்டின் முடிவுகள், செல்வ நாடுகளுக்கு வெகுதூரம் பின்தங்கியிருந்தன. பொருளுணர்ந்து வாசிப்பதிலேயே நம் சிறார் பலர் இடர்ப்பட்டனர் என்ற செய்தி அன்றே கிடைத்தது. அச்செய்தி வல்லுநர் வட்டத்தைத் தாண்டிப் பொதுமக்கள் செவிக்கு எட்டவில்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர் அதே செய்தி உரத்த குரலில் வந்தது. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 32 நாடுகளுடன் தொடங்கிய பிஸா என்னும் சோதனை, 15 வயது மாணாக்கர் தாம் கற்றதை வாழ்க்கைச் சூழலில் கையாள வல்லரா என்று ஆராய்வது. அதன் 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் கலந்துகொண்டன. முடிவுகள் 2011 டிசம்பரில் வெளியாயின. சராசரி 500 எனக் கொண்டு அமைக்கப்பட்ட அளவில், வாசிப்பில் தமிழ்நாடு 337, இமாசலப் பிரதேசம் 317 புள்ளிகள் பெற்றன. அடிப்படை வாசிப்புத் திறனை எட்டியவர் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினேழு பேர்; இமாசலத்தில் பதினொரு பேர்; அந்நிறுவனத்தின் உறுப்பு நாடுகளிலோ எண்பத்தொரு பேர். பங்கேற்ற 74 இடங்களுள் இவ்விரு மாநிலங்களும் கடைசி வரிசையில் நின்றன. வினாக்கள் நம் நாட்டுச் சூழலுக்குப் பொருந்தாதவை என்ற ஆட்சேபம் எழுந்தது. 2012ஆம் ஆண்டுச் சோதனையில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. கேந்திரீய வித்தியாலயங்கள், நவோதய வித்தியாலயங்கள், சண்டிகரின் பள்ளிகள் ஆகியவற்றைக் கொண்டு 2021இல் பங்கேற்பது என்று 2019இல் உடன்பாடு கையொப்பமாயிற்று. தொற்றுநோயால் அச்சோதனை 2022க்குத் தள்ளிப் போயிற்று. அப்போதும் நம் நாடு அதில் இடம் பெறவில்லை.

சூழல் பற்றிய ஆட்சேபத்தை அடியோடு தள்ளிவிட இயலாது. மொழிபெயர்ப்பில் பழகிய நமக்கு அதன் நியாயம் நன்கு விளங்கும். ஆங்கிலத்தில் 'குவாட்ரிலேட்டரல்' என்ற சொல்லை அறியாத சிறுவன், அதற்கு எத்தனை பக்கம் என்ற வினாவில் தடுமாறுவான். அதனையே தமிழில் 'நாற்கரம்' என்று எழுதினால் சொல்லே விடையைச் சொல்லிவிடும். வேறோர் இடத்தில் அருஞ்சொல் ஒன்று எளிய கணக்கையும் கடினமாக்கிவிடும். இதனை உணர்ந்தே பிஸா வினாக்கள் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மூலங்களில் அமைக்கப்பெற்று, இருவரால் தனித்தனியே மொழிபெயர்க்கப்பட்டு, மூன்றாமவரால் ஒப்புநோக்கப்படுகின்றன. இத்தனை காப்பு இருந்தும் சிறிது வேற்றுமை நேரலாம்.

ஆயினும், சூழல் ஒன்றே காரணம் என்று அமைதி கொள்ள இடமில்லை. பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2005இல் தொடங்கிய அசர் ஆய்வு, வெளிநாட்டு வினா எதனையும் கேட்பதில்லை. தொண்டர்கள் கிராமங்களில் வீடு தேடிச் சென்று, குழந்தையின் அருகமர்ந்து, இரண்டாம் வகுப்பு நிலையிலுள்ள ஒரு சிறு பகுதியைப் படிக்கச் சொல்லிக் கேட்கின்றனர். 2024ஆம் ஆண்டின் ஆய்வில், கிராமப்புற அரசாங்கப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளுள் அதனைப் படிக்க வல்லவர் நூற்றுக்கு 23.4 பேரே. 2022இல் இவ்வெண் 16.3 ஆக இருந்தது என்பதையும் கூறவேண்டும். தொற்றுநோய்க்கால இழப்பிலிருந்து மீட்சி தெரிகிறது. பாதை இன்னும் நெடியது.

அளவின் முடிவைக் கேட்டு விலகி நிற்பதற்கு மாறாக, அதனை எதிர்கொண்ட நாட்டுக்கு ஜெர்மனி ஓர் எடுத்துக்காட்டு. 2001 டிசம்பரில் முதல் பிஸா முடிவுகள் வந்தபோது அந்நாடு அதிர்ந்தது. வாசிப்பில் சராசரிக்கும் கீழே நின்றதோடு, குடும்ப நிலைக்கும் தேர்ச்சிக்கும் உள்ள பிணைப்பு அங்கு மிகுந்திருந்தது. பிற நாடுகளிலிருந்து குடியேறியோரின் மக்கள் பெரிதும் பின்தங்கியிருந்தனர். அந்நாட்டினர் பொதுக் கல்வித் தரங்களை வகுத்தனர். முழுநாட் பள்ளிகளைப் பெருக்கினர். பள்ளியில் சேரும் முன்பே மொழிப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடுகளை விரிவாக்கினர். 2009க்குள் வாசிப்பு 484இலிருந்து 497 ஆக உயர்ந்தது. 2022இல் அது மீண்டும் 480க்குத் தாழ்ந்தது. கல்விச் சீர்திருத்தம் ஒருமுறை செய்து முடித்துவிடும் காரியமன்று என்பதற்கு இதுவும் சான்று.

நம் நாட்டில், சர்வசிக்ஷா அபியான் காலத்தில் 2001 முதல் தேசியச் சாதனை ஆய்வுகள் தொடர்ந்து நடந்து வந்தன. 2021 நவம்பர் 12ஆம் நாள் ஏறத்தாழ 34 இலட்சம் மாணாக்கர், 22 பயிற்று மொழிகளில் விடையளித்தனர். அவற்றுள் தமிழும் ஒன்று. 2024 டிசம்பர் 4ஆம் நாள் இதே பணி பரக் தேசிய ஆய்வு என்ற புதுப்பெயருடன் 3, 6, 9ஆம் வகுப்புகளில் நடைபெற்றது. 'பரக்' என்னும் இந்திச் சொல்லுக்குப் பொன்மணிகளின் தரம் நோக்குதல் என்பது பொருள். சங்ககாலத்தில் நாணயத்தின் மாற்று நோக்கியவர் வண்ணக்கர் எனப்பட்டனர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் போன்ற புலவர் பெயர்களில் அத்தொழிற்பெயர் இன்றும் வாழ்கிறது. நல்ல வண்ணக்கன் காசின் மாற்றைச் சொல்வான். காசு வைத்திருந்தவனைப் பழிக்கமாட்டான்.

இனி, வெளிமாநிலத் தமிழ்ப் பெற்றோர்க்கு இவற்றால் விளங்குவது யாது? முதலாவது, இவ்வாய்வுகள் தனிக்குழந்தையைத் தரப்படுத்துவன அல்ல. உங்கள் மகளின் பள்ளி தேர்ந்தெடுக்கப்பட்டு அவளும் விடையெழுதினாள் என்றால், அவளுக்கென மதிப்பெண் பட்டியல் வாராது. மாவட்டத்துக்கும் மாநிலத்துக்குமே முடிவு வரும். ஆகவே அதற்கெனத் தனிப்பயிற்சிக்கு அனுப்புவதும் அச்சுறுத்துவதும் வீண். மானியத்துக்காக மனப்பாடம் செய்வித்த பழைய பள்ளியின் வழியையே அவை பின்பற்றுவனவாகும்.

இரண்டாவது, மொழி. மும்பை மாநகராட்சி நடத்தும் தமிழ்வழிப் பள்ளிகளைப் போன்றவற்றில் படிப்போர் சிலரே. பெரும்பாலான நம் சிறார் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ விடையெழுதுகின்றனர். அங்கு அளவுகோல் கணக்கை மட்டும் அளப்பதில்லை. மொழியையும் சேர்த்தே அளக்கிறது. விடை தவறிய இடத்தில் கணக்குத் தெரியவில்லையா, வினாவின் மொழி புரியவில்லையா என்று பிரித்தறிவது ஆசிரியர் கடமை, பெற்றோர் கடமையுமாகும். அதே கணக்கை வீட்டில் தமிழில் கேட்டுப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். தமிழில் சரியாகச் சொல்லும் குழந்தைக்கு வேண்டுவது பள்ளி மொழியில் சிறிது உதவியே. அதனை மந்தம் என்று ஒதுக்குவது பெரும் அநீதி.

மூன்றாவது, எந்த மாநிலம் எத்தனையாம் இடம் என்ற செய்தி வரும்போதெல்லாம், யாரைச் சோதித்தார்கள், எம்மொழியில் சோதித்தார்கள், முடிவு கண்டபின் என்ன செய்தார்கள் என்று கேட்கப் பழகவேண்டும். முதலிரு வினாக்களுக்கும் விடை அறிக்கையிலேயே கிடைக்கும். மூன்றாவது வினாவுக்குரிய விடையைப் பள்ளிக்கூட்டங்களிலும் மக்கள் மன்றங்களிலும் கேட்டுப் பெறுவது பெற்றோராகிய நம் பொறுப்பேயாகும்.