பாதி வழியில் நின்ற செந்தூர் எக்ஸ்பிரஸ்

காலை நேரத்தில் தாம்பரம் ஸ்டேஷனில் நின்றால் தென்மாவட்ட ரயில்கள் ஒவ்வொன்றாக வருவதைப் பார்க்கலாம். நெல்லை, பொதிகை, முத்துநகர், செந்தூர்... பையும் மூட்டையுமாக இறங்கும் கூட்டம் குரோம்பேட்டை, சேலையூர், முடிச்சூர், மேடவாக்கம் என்று பிரிந்து போய்விடும். 2023 டிசம்பர் 18, திங்கட்கிழமை காலை அப்படி வந்திருக்க வேண்டிய செந்தூர் எக்ஸ்பிரஸ் வரவே இல்லை.

முதல் நாள் இரவு சுமார் 800 பயணிகளுடன் திருச்செந்தூரில் கிளம்பிய அந்த ரயில், கொட்டும் மழையில் ஸ்ரீவைகுண்டம் வரைதான் போனது. அதற்கு மேல் செய்துங்கநல்லூர் போகும் வழியில் தண்டவாளத்துக்குக் கீழே இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது! ரயிலின் எடையைத் தாங்குவது இரும்பு மட்டும் இல்லை. அந்த எடையைப் பரப்பி மண்ணில் இறக்குவது ஜல்லிதான். அது இல்லாத இடத்தில் எஞ்சின் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. ரயிலை மேலே போகவிடாமல் நிறுத்திய ஸ்டேஷன் மாஸ்டர் ஜாபர் அலிக்கு அடுத்த வருடம் ரயில்வேயின் தேசிய விருது கிடைத்தது.

அது சாதாரண மழை இல்லை. பக்கத்தில் உள்ள காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பெய்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். பயணிகளில் சுமார் 300 பேரை அருகில் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் ரோடும் துண்டிக்கப்பட்டுவிட்டது. மீதி 500 பேர் ஸ்டேஷனிலும் ரயில் பெட்டியிலுமாக மாட்டிக்கொண்டார்கள். சுற்றிலும் தண்ணீர்.

இந்த இடத்தில்தான் ஒரு ஊர் கதைக்குள் வருகிறது. ஸ்ரீவைகுண்டம் ஊர் தாமிரபரணிக்கு வடகரையில் இருக்கிறது. அந்தப் பெயரைத் தாங்கிய ஸ்டேஷன் இருப்பதோ தென்கரையில், புதுக்குடியில். ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் இடம் கிடைக்காத ஊர் அது. ஆனால் ரயில் நின்றதும் ஓடி வந்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். அவர்களும் அதே மழையில், அதே வெள்ளத்தில் இருந்தவர்கள். அரிசி, பருப்பு என்று கையில் இருந்ததைச் சேர்த்து, ஊர்க் கோயிலில் அடுப்பு மூட்டி, யாரென்றே தெரியாத நூற்றுக்கணக்கான பேருக்குச் சோறு போட்டார்கள். அரசின் உதவி வந்து சேரும்வரை அந்த அடுப்புதான் துணை.

திருநெல்வேலி - திருச்செந்தூர் ரயில் பாதை 1923இல் திறக்கப்பட்டது. சரியாக நூறு வருடம்! அதற்கு முன்னால் திருச்செந்தூர் போனவர்கள் நடந்தும் மாட்டு வண்டியிலும்தான் போனார்கள். வழியில் தங்கவும் சாப்பிடவும் சத்திரங்கள் இருந்தன. தெற்கே சாலையும் சத்திரமும் என்றாலே ராணி மங்கம்மாள் பெயர்தான் ஞாபகம் வரும். மதுரை ஸ்டேஷனுக்கு எதிரிலேயே மங்கம்மாள் சத்திரம் இருக்கிறது. ரயில் வந்த பிறகு ஒரே ராத்திரியில் ஊர் போய்ச் சேரலாம் என்று ஆனது. வழியில் உள்ள ஊர்கள் ஜன்னலுக்கு வெளியே ஓடும் வெளிச்சமாகிவிட்டன.

புதுக்குடிக்குப் பக்கத்தில்தான் ஆதிச்சநல்லூர். 1876இல் ஜெர்மனியைச் சேர்ந்த யாகோர் முதலில் தோண்டிப் பார்த்த இடம். பிறகு அலெக்சாண்டர் ரீ அங்கே அகழாய்வு செய்தபோது, முதுமக்கள் தாழிகளோடு நெல் உமியும் கிடைத்தது. போகிறவர்களுக்குக்கூட உணவு வைத்து அனுப்பிய மண். எத்தனையோ முறை அந்த வழியாகத் தூங்கிக்கொண்டே போனவர்களுக்கு, ரயில் நின்ற பிறகுதான் அந்த மண்ணின் குணம் தெரிந்தது.

டிசம்பர் 19ஆம் தேதி ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தன. மீட்புப் படையினரும் வந்து சேர்ந்தார்கள். பயணிகளை வெளியே அழைத்து வந்து, வாஞ்சி மணியாச்சியில் இருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

அதே டிசம்பரின் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயலில் முடிச்சூரும் பள்ளிக்கரணையும் மிதந்தன. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்தபோது பல மாவட்டங்களில் இருந்து லாரி லாரியாகப் பொருட்கள் வந்ததையும் இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் இரண்டு பக்கமும் வந்தது, சோறும் இரண்டு பக்கமும் போனது.

செந்தூர் எக்ஸ்பிரஸ் இப்போதும் தாம்பரம் வருகிறது. ஸ்ரீவைகுண்டத்தில் அது நிற்பது சில நிமிடம்தான். அடுத்த முறை அதில் போகிறவர்கள் ஜன்னலைத் திறந்து பார்க்கலாம். வெளியே இருப்பது புதுக்குடி.