தேறும் நாட்களுக்கு அளந்த நெல்

தஞ்சாவூரில் சுந்தர சோழ விண்ணகர ஆதுலர்சாலை என்றொரு மருத்துவமனை இருந்தது. தந்தை சுந்தர சோழன் பெயரில் குந்தவைப் பிராட்டி ஏற்படுத்தியது அது. அங்கே வைத்தியம் பார்த்தவருக்கு நிலம் விடப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. ஆதுலர் என்றால் நோயால் நலிந்தவர். திருவாவடுதுறையில் விக்கிரம சோழன் காலத்தில், 1121இல், சரகமும் அஷ்டாங்க ஹிருதயமும் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. சோழர் மருத்துவத்தின் பெருமையைப் பேசுவதற்காக இதையெல்லாம் எடுக்கவில்லை. அந்தச் சாலைகளும், பின்னால் மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்களும் ஒரு கணக்கை விடாமல் எழுதி வைத்திருந்தன. நோயின் பிடி தளர்ந்த நாளுக்கும் ஆள் எழுந்து நடமாடும் நாளுக்கும் நடுவில் கிடக்கும் காலத்துக்கு யார் அரிசி போடுவது, யார் தண்ணீர் கொண்டுவருவது என்ற கணக்கு அது. உயிரைப் பிடித்து நிறுத்துவதில் இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அந்தக் காலம் கனவிலும் காணாத உயரத்தை எட்டியிருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு நம் கையை விட்டுப் போய்விட்டது. திரும்ப எழுத வேண்டும் என்பதே என் வாதம்.

கணக்கின் வரிகளைப் பார்க்கக் காவிரியை விட்டுப் பாலாற்றங்கரைக்குப் போக வேண்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில், வீரராஜேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. காலம் 1068 வாக்கில். ‘வீரசோழன்’ என்ற ஆதுலர்சாலைக்கு ஆண்டுச் செலவை அது இனம் பிரித்துச் சொல்கிறது. படுக்கை 15. படுத்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. வைத்தியருக்கு நாளுக்கு மூன்று குறுணி நெல், மேலே ஆண்டுக்கு எட்டுக் காசு. அறுவை செய்பவருக்கு ஒரு குறுணி. மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச இரண்டு ஆட்கள். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். ஒரு நாவிதர். தண்ணீர் கொண்டுவர ஒருவர். தசமூல ஹரீதகி, வில்வாதி கிருதம் என்று இருபதையொட்டி மருந்துகள் இருப்பில் இருக்க வேண்டும். கடைசியில், இரவு முழுவதும் எரிய ஒரு விளக்குக்கு எண்ணெய். இந்தப் பட்டியலை மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் மருந்துப் பெயர்களுக்காகவே படிக்கிறார்கள். எனக்கு அந்த அரிசியும் விளக்கும்தான் கண்ணில் படுகின்றன. வைத்தியர், அறுவைக்காரர், மருந்து ஆகிய மூன்றையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சமிருப்பதெல்லாம் படுத்துக் கிடந்து தேறுகிறவனுக்கான செலவு. சவரம், தண்ணீர், ஒரு கவளம் சோறு, பக்கத்தில் ஒரு மனுஷி, இருட்டில் விழித்தால் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிய ஒரு வெளிச்சம். இவை கருணையாகப் போட்டவை அல்ல. மருந்துக்கு இணையாகச் செலவினங்களில் ஏறியவை.

எழுநூறு ஆண்டு கழித்து அதே மனம் தஞ்சைச் சத்திரங்களில் தெரிகிறது. 1799 உடன்படிக்கையோடு நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்ட பிறகு, சத்திரங்களையாவது தன் பொறுப்பில் விட வேண்டும் என்று தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி மன்றாடினார். 1801இல் கம்பெனியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதத்தில், ராமேஸ்வரம் போகிற வழிநெடுகச் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்பதை விவரிக்கிறார். நோய்க்கும் வீக்கத்துக்கும் பாம்புக் கடிக்கும் வைத்தியம் தெரிந்தவர்கள் அங்கே உண்டு. வழியில் நோயில் விழுந்த யாத்திரிகருக்கு மருந்தும் அதற்கேற்ற பத்தியச் சாப்பாடும் கொடுத்து, உடம்பு தேறும்வரை மரியாதையோடும் அன்போடும் பார்த்துக்கொள்கிறார்கள். பிரசவமான பெண் மூன்று மாதம் தங்கலாம். ‘தேறும்வரை’ என்ற எல்லைதான் இங்கே முக்கியம். சத்திரம் மூன்று நாள் என்றோ பத்து நாள் என்றோ வரம்பு போடவில்லை. உடம்பு சொல்லும் நாளையே வரம்பாக வைத்தது. அதே சரபோஜியின் தன்வந்திரி மகால் மருத்துவமனையில் கண் சிகிச்சை பெற்றவர்களின் குறிப்பேடுகள், ஆள் ஆளாக, கண்ணின் படங்களோடு எழுதப்பட்டவை, இன்றும் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. நோயாளிக்கு ஒரு கதை உண்டு, அதைத் தொடர்ந்து எழுத வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோம். அதன் பிறப்பிடம் டென்மார்க்கின் கோபன்ஹேகன். 1952இல் போலியோ பரவி மூச்சுத் தசை முடங்கியவர்கள் குவிந்தபோது, மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்துக் கையால் காற்று ஊட்டச் சொன்னார். மருத்துவ மாணவர்கள் ஏறக்குறைய 1,500 பேர் முறை போட்டு இரவும் பகலும் காற்றுப் பையை அமுக்கினார்கள். அந்தக் கையின் இடத்தில் பிறகு இயந்திரம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் போய்விட்டார். காவிரி டெல்டாவில் அந்த இயந்திரத்துக்குப் போகிறவர்கள் யார்? வரப்பில் நல்ல பாம்போ, தூக்கத்தில் கட்டுவிரியனோ கடித்து மூச்சு முடங்கியவர், பூச்சிமருந்து குடித்தவர், சாலையில் அடிபட்டவர், ரத்தத்தில் நஞ்சு ஏறியவர். இவர்களில் பெரும் பகுதியை இன்று மீட்க முடிகிறது. ஆனால் மீண்டவர் அப்படியே வீடு திரும்புவதில்லை. லண்டனில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, கடுமையாக நோயுற்றவர்களின் தொடைத் தசை பத்தே நாளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கரைவதை அளந்து காட்டியது. அதே ஆண்டு அமெரிக்காவில் 821 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வில் 74 சதவீதத்தினருக்கு மருத்துவமனையிலேயே சித்தம் கலங்கியது; ஓராண்டு கழித்தும் 34 சதவீதத்தினரின் நினைவும் யோசனையும் தலையில் நடுத்தர அளவில் காயம்பட்டவர்களின் மட்டத்தில் இருந்தன. கை கால் பலவீனம், மறதி, தூக்கத்தில் அலறல் எல்லாம் சேர்ந்த இந்த நிலைக்கு 2012இல்தான் தீவிர சிகிச்சைக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுதி என்று பெயரே வந்தது. நடவுக்குப் போகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். சேற்றில் குனிந்து நிற்கும் வேலைக்குத் தொடையும் முதுகுமே முதல். தசை போனால் கூலி போயிற்று. சீட்டில் குணமாகிவிட்டது என்று எழுதினாலும் அவள் வயலுக்குத் திரும்பவில்லை என்றால் அது எப்படிக் குணம்?

பழைய கணக்கில் இருந்தவைதான் இன்றைய ஆய்வுகளில் திரும்ப வருகின்றன என்பதே என்னை வியக்க வைக்கிறது. 2009இல் சிகாகோவிலும் அயோவாவிலும் வென்டிலேட்டரில் இருந்த 104 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், மயக்கத்தைத் தினமும் சற்று நிறுத்தி முதல் சில நாட்களிலேயே உட்கார வைத்து, நிற்க வைத்துப் பழக்கியவர்களில் 59 சதவீதம் பேர் வீடு போகும்போது தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொண்டார்கள். அப்படிப் பழக்காதவர்களில் 35 சதவீதம். ஸ்காண்டிநேவிய நாடுகளில் நர்சுகள் நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதுகிறார்கள். இன்று மழை பெய்தது, உங்கள் மகள் வந்தார், குழாயை எடுத்தோம் என்கிற அளவில்தான் இருக்கும் அது. தொலைந்த நாட்களை நோயாளி பிறகு அதைப் படித்துக் கோத்துக்கொள்கிறார். 2010இல் ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 பேரிடம் நடந்த சோதனையில், நாட்குறிப்பு கிடைத்தவர்களிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் 5 சதவீதம், கிடைக்காதவர்களிடம் 13. இரவில் விளக்கைத் தாழ்த்து, பகலென்றும் இரவென்றும் தெரியவிடு, பெயர் சொல்லிக் கூப்பிடு, வீட்டு ஆளை உள்ளே விடு என்பவையெல்லாம் இன்று மருத்துவ வழிகாட்டுதல்கள். ஓயாமல் எரியும் வெள்ளை விளக்கின் கீழ், கைகளைக் கட்டிலோடு கட்டிய நிலையில், மணிச்சத்தத்துக்கு நடுவே கிடப்பவருக்கு, திருமுக்கூடலின் ஒற்றை விளக்கு கொடுத்தது கிடைப்பதில்லை.

மறுப்புகள் உண்டு. பழமையைப் பொன்னாக்குகிறாய் என்பது முதலாவது. அதில் உண்மை இருக்கிறது. திருமுக்கூடல் ஆதுலர்சாலை வேதபாடசாலை மாணவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்கும் உரியது. ஊரில் உழுதவர்களுக்கு அல்ல. சத்திரத்துப் பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். அந்த நாழி அரிசியை விளைவித்த பண்ணையாட்களுக்கு நோய் வந்தால் நாழி அளந்தவர் எவரும் இல்லை. கட்டுவிரியன் கடித்தவரை அந்த வைத்தியர்கள் பிழைக்க வைத்ததும் அரிது. ஆகவே அந்தக் காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. சிலருக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்த கணக்கை எல்லோருக்கும் விரிப்பதுதான் கேட்பது.

இரண்டாவது மறுப்பு கடினமானது. படுக்கையே போதாத ஊரில், வென்டிலேட்டருக்கே வரிசையில் நிற்கும்போது, பிறகு வரும் நாட்களுக்குப் பணம் ஏது என்கிறார்கள். மேலும், பிற்காலக் கவனிப்பு பலன் தருகிறதா என்பதும் ஐயம்தான் என்கிறார்கள். பிரிட்டனில் 286 பேரிடம் நடந்து 2009இல் வெளியான சோதனையில், டிஸ்சார்ஜ் ஆன பின் நர்சுகள் நடத்திய கிளினிக்குக்கு வரச் சொன்னதால் ஓராண்டில் வாழ்க்கைத் தரம் கூடவில்லை. இதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்தக் கிளினிக் மாதங்கள் கழித்து வந்த அழைப்பு. பலன் தெரிந்த இடங்களிலெல்லாம் வேலை கட்டிலிலேயே, முதல் வாரத்திலேயே தொடங்கியது. டெல்டா விவசாயிக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாற்றைப் பறித்து நட்டுவிட்டால் நடவு முடிந்ததே தவிர, பயிர் பச்சை பிடிக்கவில்லை. அந்த நாட்களில் தண்ணீர் அளவைத் தவறவிட்டுப் பிறகு உரம் போட்டுப் பயனில்லை. அத்தனை லட்சம் செலவழித்து மீட்ட உயிரை அந்த வாரங்களில் கைவிடுவது சிக்கனம் ஆகாது.

குடும்பம் பார்த்துக்கொள்ளுமே என்பது மூன்றாவது. குடும்பம் பார்த்துக்கொள்கிறது, அதுவும் பெரும்பாலும் ஒரு பெண், தன் கூலியை விட்டுவிட்டு. நொய்க்கஞ்சி வைக்க அவளுக்குத் தெரியும். ஆனால் திரும்பி வந்த கணவன் ராத்திரியில் சுவரில் ஆட்களைக் கண்டு அலறுவது நோயின் மிச்சம் என்று அவளுக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. பைத்தியம் என்று ஊர் சொல்ல, முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் குணசீலம் பெருமாள் சன்னதிக்கு ஒரு மண்டலம் கொண்டுபோய் வைக்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அங்கேயாவது 48 நாள் என்று ஒரு கால அளவு இருக்கிறது, தங்க ஓர் இடம் இருக்கிறது.

2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம், சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை ஏற்கிறது. நல்ல திட்டம். அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீடு தேடி வருகிறார். தஞ்சைச் சத்திரச் சொத்துகள் இன்றும் அரசு நிர்வாகத்தில்தான் இருக்கின்றன. வேண்டியதெல்லாம் இவற்றைக் கோக்கும் ஓர் ஆணை. வென்டிலேட்டரில் இருந்து பிழைத்த ஒவ்வொருவரின் பெயரும் வீடு திரும்பும் அன்றே அந்த ஊர் இயன்முறை சிகிச்சையாளர் கைக்குப் போக வேண்டும். கூட வந்த பெண்ணிடம் வரப்போகும் பலவீனத்தையும் அலறலையும் பற்றி ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். அவளுடைய கூலிக்கு ஈடாக ஒரு தொகை, அந்த 48 மணி நேரத்துக்கு அடுத்த 48 நாளுக்கு, பட்ஜெட்டில் தனித் தலைப்பாக ஏற வேண்டும். மாவட்ட ஆட்சியரும் சுகாதாரத் துறையும் இதை டெல்டாவில் தொடங்கி வைக்கட்டும்.