திரீ நாட் திரீயின் தம்பி

படைக்குக் கொள்முதல் செய்யப் போனவரால் பேர்பெற்ற ஊர் திருவாதவூர். இங்கே பிறந்த மாணிக்கவாசகர், பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுபோன பொன்னைக் கோயிலுக்குச் செலவிட்டார் என்பது கதை. குதிரைக் காலம் போய்த் துப்பாக்கிக் காலம் வந்தபோது, துப்பாக்கி மதுரைச் சீமைக்காரர் கையில் தங்கவில்லை. மருது சகோதரர்கள் தூக்கிலேறிய கையோடு, 1801 டிசம்பரில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னது கும்பினி. 1878இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்து மிச்சத்தையும் முடித்தது.

இங்கே கதை இப்படி. அமெரிக்காவிலோ, ராணுவம் கழித்த போல்ட் துப்பாக்கிகளைச் சேர்த்துச் சுடுவது ஒரு பொழுதுபோக்கு. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். அதில்தான் ருசி என்பார்கள். அவர்கள் தேடி வாங்குபவற்றில் ஒன்று நம் நாட்டுச் சரக்கு: வங்காளத்து ஈசாப்பூர் தொழிற்சாலையின் 2ஏ1. 1962 சீனப் போரை அடுத்து, பழைய லீ-என்ஃபீல்டு உருவிலேயே 7.62 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்தது. பெட்டியில் 12 தோட்டா பிடிக்கும்.

இங்கே அதை வீட்டில் வைக்க முடியாது. பழைய லீ-என்ஃபீல்டின் .303 (அதுதான் திரீ நாட் திரீ), 7.62 இரண்டும் தடை செய்யப்பட்ட வகை.

அதனால்தான் .315 என்றொரு தம்பி. அதே ஈசாப்பூர், அதே போல்ட். ராணுவத் தோட்டா மட்டும் உள்ளே பொருந்தாது. கிடங்கில் திருடிய குண்டு குடிமக்களுக்கு உதவிவிடக் கூடாதென்ற வெள்ளைக்காரன் கணக்கு, விடுதலைக்குப் பிறகும் அப்படியே நின்றது வேடிக்கைதான். சேர்த்து வைக்கலாமென்றால், இப்போதைய ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி ஆளுக்கு இரண்டு துப்பாக்கிதான்.

மூத்தவனான .303ஐ நம்மவர்கள் பார்த்ததெல்லாம் பாரா போலீஸின் தோளில். உத்தரப்பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தில் அதற்கு விடைகொடுத்தது, அணிவகுப்பு மரியாதையோடு.