கந்தரோடைத் தூபிகளும் ஒருநாட் சுற்றுலாவும்: இடிபாடுகளின் முன் சொல்ல வேண்டிய வரலாறு

முன்னுரை

இலண்டனின் கிழக்கே உள்ள செவன் கிங்ஸ் என்னும் ஊரின் பெயரைக் கேட்போர், ஏழு அரசர்கள் அங்கே கூடினர் என்ற கதையை எளிதில் நம்பிவிடுவர். 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் காணும் பழைய வடிவத்தைக் கொண்டு, அது ‘செயோஃபெக்கா என்பவனைச் சார்ந்தோரின் குடியிருப்பு’ எனப் பொருள்படும் பழைய ஆங்கிலப் பெயரின் திரிபு என்று இடப்பெயர் ஆய்வாளர் விளக்குவர். ஏழு அரசரும் பெயரின் ஓசையிலிருந்து பிறந்தவர்களே.

இவ்வூரிலும் அயலிலுள்ள இல்ஃபோர்டிலும் ஈழத்தமிழர் பலர் வாழ்கின்றனர். கோடை விடுமுறையில் யாழ்ப்பாணம் செல்லும் குடும்பங்கள் வாகனம் அமர்த்தி, வழிகாட்டியுடன் ஒரே நாளிற் பார்த்து வரக்கூடிய இடங்களுள் கந்தரோடையும் ஒன்று. பனைகளுக்கிடையே திரண்டு நிற்கும் சிறு தூபிகளின் முன் நின்று, இங்கிலாந்திற் பிறந்த பிள்ளை கேட்கக்கூடிய வினா ஒன்றுண்டு: “இவற்றைக் கட்டியவர்கள் நம்மவர்களா?” ‘இது சிங்களவர் கட்டிய விகாரை’ என்பது ஒரு விடை. ‘இது தமிழருக்கே உரியது’ என்பது மற்றொன்று. இவ்விரு விடைகளும் சான்றுகள் இடந்தரும் எல்லையைக் கடந்தவை என்பதையும், அவ்விடத்திற் சொல்ல வேண்டிய வரலாறு வேறு என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

களமும் ஆய்வும்

கந்தரோடை, யாழ்நகருக்கு வடக்கே சுன்னாகத்தை அடுத்து அமைந்த ஊர். இங்குள்ள பௌத்த எச்சங்களை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தவர், ஆட்சிப்பணி அலுவலராக விளங்கிய போல் ஈ. பீரிஸ். அவருடைய கட்டுரைகள் 1917, 1919 ஆகிய ஆண்டுகளில் அரச ஆசிய சங்கத்தின் இலங்கைக் கிளை இதழில் வெளிவந்தன. பின்னர் 1960களில் தொல்லியல் திணைக்களம் இக்களத்தில் அகழ்ந்து, சிதறிக் கிடந்த முருகைக்கற் பகுதிகளை அடித்தளங்களின் மீது சேர்த்துத் தூபிகளை மீளமைத்தது. ஆகவே இன்று பயணி காணும் இருபது வரையிலான தூபிகளின் அடித்தளங்கள் பழமையானவை. மேல் வடிவங்கள் 20ஆம் நூற்றாண்டில் சேர்த்தமைக்கப்பட்டவை. வழிகாட்டி முதலிற் கூற வேண்டிய செய்தி இதுவே.

இத்தனை சிறு தூபிகள் ஓரிடத்தில் ஏன் நெருங்கி நிற்கின்றன என்பதற்குத் துறவிகளின் நினைவுச் சின்னங்கள் என்பது ஒரு விளக்கம். பெருங்கற்கால ஈமமரபு பௌத்த வடிவம் பெற்றதன் விளைவாகக் காண்பாரும் உளர். பிந்திய கருத்தை மதிப்பிடுவதற்குத் தூபிகளை விட்டு அவ்வூரின் மண்ணை நோக்க வேண்டும்.

மண் தரும் சான்றுகள்

1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகக் குழு நடத்திய அகழ்வில், கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் அடிமண் படைகளில் வெளிப்பட்டன. தென்னிந்தியப் பெருங்கற்காலப் பண்பாட்டுக்கு உரிய இக்கலங்கள், பௌத்தம் இலங்கைக்கு வந்ததாகக் கொள்ளப்படும் கி.மு. 3ஆம் நூற்றாண்டுக்கு முன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர் என்பதைக் காட்டுகின்றன. அரிக்கமேட்டிற் கிடைத்தவற்றை ஒத்த, உட்புறத்தில் வட்டமாகப் புள்ளியலங்காரம் கொண்ட கலங்களும், முத்திரை குத்தப்பட்ட நாணயங்களும், உரோம நாணயங்களும் கடல்வழி வணிகத்துக்குச் சான்றாகின்றன.

எழுத்துச் சான்றுகளோ ஒருமுகமானவை அல்ல. கந்தரோடைப் பானையோடு ஒன்றில் உள்ள பிராமி எழுத்துத் தொடர், தத்தன் என்பானின் பாத்திரம் எனப் பொருள்படும் பிராகிருதம். 1980இல் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையிலான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு, ஆனைக்கோட்டையில் மனித எலும்புக்கூட்டுடன் கண்டெடுத்த முத்திரையிலோ ‘கோ’ என்னும் தமிழ்ச்சொல் அமைந்திருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுவர். ஒரே வட்டாரத்தில் இரு மொழிகளின் சுவடும் உண்டு. இவற்றுள் ஒன்றை மட்டும் காட்டி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

மொழி, சமயம், ஆட்சி

பௌத்தம் தமிழர்க்கு அயலான சமயமன்று. மணிமேகலை தமிழில் எழுந்த பௌத்தக் காப்பியம். வீரசோழிய இலக்கணத்தை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர். உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் சோழநாட்டிலிருந்து பாலி மொழியில் நூல்கள் செய்தார். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிசய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்ததை லெய்டன் செப்பேடுகள் உரைக்கின்றன.

சிங்களச் சான்றுகளும் எளிய பிரிவினைக்கு இடந்தருவதில்லை. பௌத்தத் தலங்களைத் தொகுத்துக் கூறும் ‘நம்பொத்த’ என்னும் சிங்கள நூல், கந்தரோடையைக் கதுருகொட எனக் குறித்து, அதனைத் தமிழர் நிலத்துத் தலங்களின் வரிசையில் வைக்கிறது. அதே சுற்றுலாவின் பிற்பகலிற் படகேறிச் செல்லும் நயினாதீவில், 12ஆம் நூற்றாண்டு மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு உள்ளது. யானையும் குதிரையும் ஏற்றி வந்து உடைந்த கலங்கள் பற்றிய அவ்வாணை தமிழில் அமைந்தது. உறையூர்த் துறவி பாலியில் எழுதியதும், பொலன்னறுவை மன்னன் தமிழில் ஆணையிட்டதும் மொழி, சமயம், ஆட்சி ஆகிய மூன்றும் அக்காலத்தில் ஒரே எல்லைக்கோட்டில் அமையவில்லை என்பதைத் தெளிவாக்குகின்றன.

இழப்பும் பொறுப்பும்

நாகப்பட்டினத்தில் எஞ்சியிருந்த பழைய கோபுரம் 1867இல் அரசின் இசைவுடன் இடிக்கப்பட்டது. அவ்வூரிற் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் பலவற்றை இன்று சென்னை அருங்காட்சியகத்தில் காணலாம். கோபுரத்தைக் காண வழியில்லை. யாழ்ப்பாணத்து வல்லிபுரத்திற் கிடைத்த புத்தர் சிலை, 1906இல் ஆளுநர் ஹென்றி பிளேக்கினால் சயாம் மன்னருக்கு அளிக்கப்பட்டது. இத்தகைய இழப்புகளுக்குப் பின் நின்ற இடத்திலேயே காணக்கூடிய கந்தரோடையின் மதிப்புப் பெரிது.

எனினும் அண்மைக்காலத்தில் குருந்தூர்மலை முதலான இடங்களில், பழைய எச்சங்களைச் சார்ந்து புதிய கட்டுமானங்கள் எழுந்ததும் அவற்றின் மீது வழக்குகள் நடந்ததும் தமிழரிடையே அச்சத்தை வளர்த்துள்ளன. அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. ஆயினும் அச்சத்தால் நாம் இவ்விடங்களைக் கைவிட்டு விலகினால், அவற்றின் வரலாற்றைச் சொல்லும் உரிமையையும் பிறரிடம் ஒப்படைத்தவராவோம்.

முடிவுரை

தூபிகளின் முன் நிற்கும் பிள்ளைக்கு மூன்று செய்திகளைச் சொல்லலாம். பௌத்தம் வருமுன்பே இங்கு மக்கள் வாழ்ந்தனர். அவர்களின் பண்பாடு தமிழகத்தோடு நெருங்கியது. பின்னர் அவர்களிடையே பௌத்தம் வேரூன்றியது. அதனைப் பின்பற்றியோரை ஒரு மொழிக்கு மட்டும் உரியவராகக் கொள்ளச் சான்றில்லை. இன்று காணும் வடிவம் பழமையும் மீளமைப்பும் கலந்தது. ‘நம்மவர்களா’ என்ற வினாவுக்கு, ‘இம்மண்ணில் வாழ்ந்து நமக்கு முன்னோரானவர்களும் அவர்களுள் உளர்’ என்பதே சான்றுக்கு நெருங்கிய விடை. செவன் கிங்ஸில் ஏழு அரசர் இல்லை என்று அறிந்து வளரும் பிள்ளைக்கு இவ்விடையின் நுட்பம் விளங்காமற் போகாது.